ஹேர்மன் ஜோசப் முல்லர் (1890–1967)

மாணவர்களே, விகாரத்தை ஏற்படுத்தும் காரணிகளுள் கதிர்வீச்சும் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். பரீட்சையில் அதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை நிறுவுவதற்கு ஒருவர் தமது வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவரே ஹேர்மன் ஜோசப் முல்லர்.

முல்லர் 1890 டிசம்பர் 21 இல் நியூயோர்க் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். புலமைப்பரிசில் பெற்று, பகுதிநேர வேலைகளும் செய்தபடி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்றார். அங்கு தோமஸ் ஹன்ற் மோர்கனின் ஆய்வுகூடத்தில் பழ ஈக்களைப் பற்றி ஆராய்ந்தார்.

இயற்கையில் விகாரம் மிக அரிதாகவே நிகழும். அதைச் செயற்கையாகத் தூண்ட முடியுமா என்பதே முல்லரின் கேள்வி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆண் ஈக்கள் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, விசேடமாக உருவாக்கிய பெண் ஈக்களுடன் கலந்தார். பேரத் தலைமுறை வளர்ந்த போத்தலில் ஆண் ஈ ஒன்றேனும் இல்லையெனில், எக்ஸ் நிறமூர்த்தத்தில் உயிர்கொல்லும் விகாரம் ஏற்பட்டுள்ளது என்பது பொருள். இதனால் ஒவ்வோர் ஈயையும் சோதிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கதிர் பட்ட ஈக்களில் விகாரங்கள் ஏறத்தாழ 150 மடங்கு அதிகரித்திருந்தன. 1927 இல் இம்முடிவை வெளியிட்டார். பின்னர் அவரது நண்பர் எட்கர் அல்ரன்பேர்க், கழியூதாக் கதிர்களும் பழ ஈக்களில் விகாரத்தை ஏற்படுத்தும் எனக் காட்டினார்.

கழியூதாக் கதிர் எவ்வாறு விகாரத்தை ஏற்படுத்துகிறது என்பதை இன்று நாம் அறிவோம். டீ.என்.ஏ இழையில் அடுத்தடுத்துள்ள தைமின் அல்லது சைற்றோசின் மூலங்கள் அக்கதிரினால் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. கலத்திலுள்ள நொதியங்கள் பெரும்பாலும் அப்பகுதியை வெட்டி நீக்கிச் சீர்செய்யும். சீர்செய்யப்படுமுன் டீ.என்.ஏ இரட்டிக்கத் தொடங்கினால், வழமையான நொதியம் அவ்விடத்தில் தடைப்பட்டு நின்றுவிடும். அப்போது வேறு நொதியங்கள் அச்சேதத்தைத் தாண்டிப் பிரதிசெய்கின்றன. இவை சில வேளைகளில் பிழையான மூலத்தைச் சேர்த்துவிடும். அடுத்த இரட்டிப்பில் அப்பிழை நிரந்தரமாகும். அதுவே விகாரம். தோற் புற்றுநோய்க்கு இதுவும் ஒரு காரணம்.

முல்லரின் வாழ்க்கை அமைதியானதாக இருக்கவில்லை. 1932 இல் பேர்லின் சென்றார். மறு ஆண்டு ஹிற்லர் ஆட்சிக்கு வந்தார். முல்லர், வவிலோவ் என்னும் விஞ்ஞானியின் அழைப்பை ஏற்றுச் சோவியத் ஒன்றியம் சென்றார். அங்கு லைசென்கோ என்பவர் பிறப்புரிமையியலையே மறுத்து வந்தார். அவருக்கு அரச ஆதரவும் இருந்தது. இருந்தும் 1936 இல் முல்லர் அவரைப் பகிரங்கமாக எதிர்த்து வாதிட்டார். 1937 இல் அந்நாட்டை விட்டு வெளியேறினார். வவிலோவ் 1940 இல் கைதாகி, 1943 இல் சிறையில் இறந்தார்.

முல்லர் 1946 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்புகழைக் கொண்டு கதிர்வீச்சின் ஆபத்தை உலகுக்கு எடுத்துரைத்தார். எக்ஸ் கதிர்களைக் கவனமின்றிப் பயன்படுத்துவதையும் அணுகுண்டுப் பரிசோதனைகளையும் கண்டித்தார். 1955 இல் அணுவாயுதப் போருக்கு எதிரான ரசல் – ஐன்ஸ்ரைன் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். 1967 ஏப்ரல் 5 இல் காலமானார்.

வைத்தியசாலையில் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும்போது ஊழியர் மறைப்பின் பின்னால் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். முல்லர் எச்சரித்த கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்புப் பெறவே அவர் அவ்வாறு நிற்கிறார்.

நினைவிற் கொள்க
• எக்ஸ் கதிர், கழியூதாக் கதிர் இரண்டும் விகாரத்தைத் தூண்டும்.
• டீ.என்.ஏயில் ஏற்படும் சேதம் வேறு, விகாரம் வேறு. சீர்செய்யப்படாத சேதம் பிழையாகப் பிரதிசெய்யப்படும்போது விகாரம் உண்டாகிறது.
• உடற்கலத்தில் ஏற்படும் விகாரம் பிள்ளைகளுக்குச் செல்லாது. புணரிகளில் ஏற்படும் விகாரம் செல்லக்கூடும்.

பயிற்சி வினாக்கள்
1. முல்லர் தமது பரிசோதனைக்குப் பழ ஈக்களைத் தெரிவுசெய்தமைக்குப் பொருத்தமான இரு காரணங்கள் தருக.
2. கழியூதாக் கதிரினால் சேதமடைந்த டீ.என்.ஏ, விகாரமாக மாறும் படிகளை ஒழுங்குமுறையில் எழுதுக.