ஓம்: ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன்

மாணவியரே! பெளதிக ஆய்வுக்கூடத்தில் மின்தடைப் பெட்டியைக் கையாளும்போதெல்லாம் 'ஓம்' என்ற சொல்லை நாம் உச்சரிக்கிறோம். அது ஓர் அலகின் பெயர் மட்டுமன்று. வறுமையிலும் புறக்கணிப்பிலும் மனந்தளராத ஓர் ஆசிரியரின் பெயருமாகும்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டு செய்யும் தொழிலாளி. தாய் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த குழந்தைகள் எழுவரில் மூவரே பிழைத்தனர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாயும் இறந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத தந்தையோ தாமாகவே நூல்களைக் கற்றவர். பட்டறை வேலைக்கிடையே தம் மக்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் புகட்டினார். ஓமின் தம்பி மார்ட்டினும் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியரானார்.

1805-இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓம், நடனத்திலும் பனிச்சறுக்கிலும் காலத்தைப் போக்கினார். தந்தை சினங்கொண்டு படிப்பை நிறுத்தச் செய்தார். இளைஞர் சுவிட்சர்லாந்து சென்று ஆசிரியப் பணியை மேற்கொண்டார். தனித்திருந்து கணிதம் பயின்று, 1811-இல் எர்லாங்கனில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1817-இல் கொலோன் நகரின் பழம்பெரும் இயேசு சபைப் பள்ளி அவரை ஆசிரியராக ஏற்றது. அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பட்டறையில் கற்ற கைத்தொழில் அவருக்குக் கைகொடுத்தது. வேண்டிய கருவிகளைத் தாமே அமைத்துக்கொண்டார். 1825-இல் வெளியிட்ட முதல் முடிவு சரியாக அமையவில்லை. மின்கலத்தின் ஆற்றல் நிலையாக நில்லாமல் ஏறி இறங்கியதே காரணம். ஓம் சோர்ந்துவிடவில்லை. இரு உலோகங்களின் சந்திப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றை உருகும் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னோட்டத்தைப் பெற்றார். 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, காந்த ஊசியின் விலகலை அளந்தார். 1826-இல் உண்மை விளங்கிற்று: கம்பி நீண்டால் தடை மிகும், பருத்தால் குறையும், உலோகத்திற்கு உலோகம் மாறும்.

1827-இல் இதனை நூலாக வெளியிட்டார். அதனால் பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று நம்பியவருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அறிஞர் பலர் பாராமுகமாயிருந்தனர். மனம் புண்பட்ட ஓம் கொலோன் பதவியைத் துறந்து, சில ஆண்டுகள் குறைந்த வருவாயில் பெர்லினில் பாடம் கற்பித்து வாழ்ந்தார். 1833-இல் நியூரம்பர்க்கில் வேலை கிடைத்தது. 1841-இல் லண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்த பின்னரே புகழ் பரவியது. இளமையில் விரும்பிய பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852-இல் வாய்த்தது. ஈராண்டே அதனை வகித்து, 1854 ஜூலை 6-இல் காலமானார்.

அவர் காலத்தில் அங்குலமும் ஊருக்கு ஊர் வேறு. ஆங்கில அங்குலம் 25.4 மில்லிமீட்டர், பிரஷ்ய அங்குலம் ஏறக்குறைய 26.15; பாரிஸ் அங்குலம் 27.07. ஓரிடத்தில் அளந்ததை வேறோரிடத்தில் சரிபார்ப்பது எத்துணை கடினம்! கடலடித் தந்திக் கம்பிகள் வந்தபோது இக்குழப்பம் பொருள் நஷ்டத்திற்கும் வழிகோலியிருக்கும். ஆதலால் 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு பொது அலகுகளை வகுத்து, தடையின் அலகுக்கு ஓமின் பெயரை ஏற்றுக்கொண்டது.

ஆயினும் அங்குலக் கணக்கு நூல்களில் நீடித்தது. 20 டிகிரி சென்டிகிரேடில் செம்பின் மின்தடை எண் 0.679 மைக்ரோ ஓம்-அங்குலம் என்று ஒரு நூலிலும், 1.724 மைக்ரோ ஓம்-சென்டிமீட்டர் என்று வேறொரு நூலிலும் காணலாம். இரண்டும் ஒன்றே. முன்னதை 2.54-ஆல் பெருக்கினால் பின்னது வரும். நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகள் இருக்க, ஒரு முறை மட்டும் பெருக்குவதேன்? மின்தடை எண் என்பது தடையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி, நீளத்தால் வகுத்தது. பரப்பில் அங்குலம் இருமுறை வருகிறது; நீளத்தில் வரும் ஒன்று அதில் ஒன்றை நீக்கிவிடுகிறது. எஞ்சுவது ஓர் அங்குலமே. ஓம்-மீட்டராக்க, சென்டிமீட்டர்க் கணக்கை 100-ஆல் வகுத்தால் போதும். விதியின் பொருளை உணர்ந்தவளுக்கு வாய்பாட்டை மனனம் செய்யும் தொல்லையில்லை.

தமக்குச் சூட்டப்பட்ட பெருமையை ஓம் கண்ணால் காணவில்லை. ஆனால் முதல் முடிவு தவறியபோது கருவியை மாற்றி மீண்டும் அளக்கும் பொறுமை அவரிடம் இருந்தது. அப்பொறுமையே அவருடைய பெயரை இன்று உலகெங்குமுள்ள மாணவியரின் நாவில் ஒலிக்கச் செய்கிறது. நாமும் நம் சிறு கடமைகளை அவ்வாறே செம்மையாய்ச் செய்வோமாக!