ஊதுகுழலல்ல, உரைகல்!

பிரசாரகன் என்றாலே சிலருக்கு ஓர் இளக்காரம். கூலிக்குக் கூவுபவன், இன்று இதற்கும் நாளை அதற்கும் தாளம் போடுபவன் என்று எண்ணிக் கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் இல்லாமலில்லை. ஆனால், அரண்மனை வாயிலிலே நின்று ஆர்ப்பரிப்பவனுக்குப் பெயர் பிரசாரகனல்ல, கட்டியக்காரன்! மக்கள் மனத்திலே மங்கலாகக் கிடக்கும் எண்ணத்தை, அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்லி, எண்ண வைத்து, எழ வைப்பவனே பிரசாரகன். அதற்கோர் இலக்கணம் காட்டுக என்று கேட்டால், நாம் தாமஸ் பெயினைக் காட்டுவோம்.

1737-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் தெட்போர்டு என்ற சிற்றூரிலே பிறந்தான். தகப்பனார், சீமாட்டிகளின் இடையை இறுக்கும் கச்சு தைப்பவர். பதின்மூன்று வயதளவிலே பள்ளிப் படிப்பு முடிந்தது. மகன் கையிலும் ஊசி ஏறிற்று. பிறகு கலால் இலாகாவிலே சிறு உத்தியோகம். அரை வயிற்றுச் சம்பளத்திலே அல்லற்பட்ட சகாக்களுக்காக 1772-லே ஒரு சிறு நூல் எழுதினான். சம்பளம் உயரவில்லை. 1774-லே அவன் வேலை போயிற்று. வீட்டுச் சாமான்களும் ஏலம் போயின. முப்பத்தேழு வயதிலே, பெஞ்சமின் பிராங்க்ளின் தந்த அறிமுகக் கடிதத்தோடு கப்பலேறி, அவ்வாண்டின் இறுதியிலே பிலடெல்பியா வந்து சேர்ந்தான்.

அமெரிக்கக் குடியேற்றங்களிலே அன்று குமுறல் இருந்தது, துணிவு இல்லை. 1775-லே லெக்சிங்டனிலே இரத்தம் சிந்திய பிறகும், மன்னர் நல்லவர், மந்திரிகளே கெட்டவர்கள் என்று பேசியோர் ஏராளம். 1776 ஜனவரியிலே வெளிவந்தது 'காமன் சென்ஸ்'. சிறு நூல்தான். ஆசிரியர் பெயர் இல்லை. பண்டிதர் நடையும் இல்லை. படித்தவர் படித்தனர், படிக்கத் தெரியாதார் படிக்கக் கேட்டனர். மகன் என்பதற்காக மூடனும் முடி தரிப்பதா? தொலைவிலே உள்ள தீவு, ஒரு கண்டத்தை ஆள்வதா? கேள்விகள் ஊரெல்லாம் உலவின. ஆறே மாதம் — ஜூலை 4-லே சுதந்தரப் பிரகடனம்! அந்த ஒரு நூலினாலேயே சுதந்தரம் வந்தது என்று நாம் கூறோம். ஆனால், பலர் நெஞ்சிலே இருந்து நாவிலே வராமல் நின்ற சொல்லை, அந்த நூல் சொல்லிற்று. தனக்குரிய இலாபத்தைப் போர்வீரர்களுக்குக் கையுறை வாங்க ஒதுக்கினான், அந்த ஏழை.

அவ்வாண்டு டிசம்பரிலே, வாஷிங்டனின் படை தோற்றுத் தளர்ந்து பின்வாங்கிற்று. பெயினின் 'நெருக்கடி' ஏடு வெளிவந்தது. அதே மாதம் படை டெலவேர் ஆற்றைக் கடந்து டிரெண்டனிலே வென்றது. துப்பாக்கிக்குத் தோட்டா வேண்டும். தோட்டாவுக்குத் தெம்பு தர, எழுத்து வேண்டும்!

1790-லே எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைச் சாடினார். 1791-லும் 1792-லும் இரு பகுதிகளாகப் பதில் தந்தான் பெயின் — 'மனித உரிமைகள்'. மலிவுப் பதிப்பு ஏழைத் தொழிலாளர் கைக்கும் போனதும் ஆட்சியாளர் மிரண்டனர். அவன் இல்லாத நேரத்திலே வழக்கு நடத்தி, குற்றவாளி என்றனர். அவனோ அப்போது பிரான்சிலே, மக்கள் தேர்ந்தெடுத்த தேசிய மன்ற உறுப்பினன்!

இங்கேதான், தோழர்களே, அவன் பெருமையின் சிகரத்தைக் காண்கிறோம். 1793 ஜனவரி. பதினாறாம் லூயியைக் கொல்வதா என்ற கேள்வி. முடியாட்சியை எதிர்த்து அவனைப்போல் எழுதியவர் யார்? அவன் கை முதலில் உயரும் என்றல்லவா எதிர்பார்ப்பர்! அவனோ, கொல்லாதீர், நாடு கடத்துங்கள் என்று வாதாடினான். மணிமுடியை வெறுத்தவன், மனிதன் தலையைக் கேட்கவில்லை! பகைவனை எதிர்ப்பதற்குத் துணிவு போதும். தன் பாசறையே வெறிகொண்டு நிற்கையில் கூடாது என்று கூற, நேர்மையும் வேண்டும். பரிசு? அவ்வாண்டு டிசம்பரிலே லக்சம்பர்க் சிறை. கில்லட்டின் நிழலிலே பத்து மாதம்.

அக்காலத்திலேதான் வெளிவந்தது 'அறிவு யுகம்'. கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பியவன். ஆனால், மதபீடங்களையும் புனித நூல்களையும் அறிவுத் தராசிலே நிறுத்தான். நாத்திகன் என்றனர், தூற்றினர். 1802-லே அமெரிக்கா திரும்பினான். எந்த நாட்டின் விடுதலைக்கு எழுதினானோ, அந்த நாட்டிலேயே, 1806-லே, நீ குடிமகனல்ல என்று கூறி ஓட்டுரிமையை மறுத்தனர். 1809 ஜூன் 8-லே மறைந்தான். இடுகாட்டிலே இடம் தரக் குவேக்கர்கள் மறுத்தனர். சவ ஊர்வலத்திலே விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். பத்தாண்டு கழித்து, வில்லியம் காபெட் எலும்புகளைத் தோண்டி இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார், நினைவுச் சின்னம் எழவில்லை, எலும்புகளும் தொலைந்தன.

கல்லறை இல்லாதவன் அவன். ஆனால், 1797-லேயே, இருபத்தொரு வயது எட்டுவோருக்குப் பதினைந்து பவுன், ஐம்பது கடந்தோருக்கு ஆண்டுதோறும் பத்துப் பவுன் தரவேண்டும் என்று திட்டம் தீட்டினானே, அந்த எண்ணம் சாகவில்லை. இன்று எத்தனையோ நாடுகளிலே முதியோர் உதவிப்பணம் பெறும்போது, அவன் குரல் ஒலிக்கிறது.

பேனா பிடிப்போரும் மேடை ஏறுவோரும் பெயினிடம் பெறவேண்டிய பாடம் இதுதான்: ஊருக்குப் புரியப் பேசு, உண்மையென்று உணர்ந்ததைப் பேசு, கைதட்டல் நின்றுபோகும் என்றாலும் பேசு! மாற்றானிடம் மட்டும் உரத்துப் பேசி, நம்மவரிடம் ஊமையாகி விடுபவன், ஊதுகுழல். நம்மவரையும் உரசிப் பார்ப்பவனே உரைகல். ஊதுகுழலுக்கு விலை உண்டு. உரைகல்லுக்கு மதிப்பு உண்டு. எது வேண்டும் என்பதை, எழுதுகோலை எடுக்கும் முன்னே நாம் தீர்மானித்துக் கொள்வோம்.