கொசுவுக்குக் கணக்குப் போட்ட டாக்டர்: யார் இந்த ரொனால்ட் ராஸ்?

மழை தொடங்கினால் போதும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து டிரம், தொட்டி, பழைய டயரில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு தொட்டியைக் கவிழ்த்தால் ஊர்க் கொசு ஒழிஞ்சிடுமா என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு 1908-லேயே கணக்குப் போட்டுப் பதில் சொன்னவர் ரொனால்ட் ராஸ்.

1857-ல் அல்மோராவில் பிறந்தவர். மருத்துவத்தில் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. கவிதை, நாவல் என்றுதான் மனசு ஓடியது. 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். கணிதத்தைத் தானாகவே படித்துக்கொண்டார். 1897 ஆகஸ்ட் 20-ல், செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902-ல் நோபல் பரிசு. பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

ஆனால் ராஸுக்குப் பெரிய தலைவலி அதற்குப் பிறகுதான். கொசுவைக் குறைத்தால் மலேரியா குறையும் என்றார், பலர் நம்பவில்லை. லாகூர் அருகே மியான்மீர் ராணுவ முகாமில் நடந்த கொசு ஒழிப்பு முயற்சி எதிர்பார்த்த பலனைத் தராததால், இது வேலைக்காகாது என்ற பேச்சு வலுத்தது. எல்லாக் கொசுவையும் கொல்ல முடியுமா என்றும் கேட்டார்கள். கொல்லவே வேண்டாம் என்பதுதான் ராஸின் வாதம். மொரிஷியஸ் தீவு மலேரியா பற்றிய 1908 அறிக்கையில் அதைக் கணக்காகவே காட்டினார்.

அதென்ன கணக்கு?

சும்மா ஒரு உதாரணம். ஒரு நோயாளியைத் தேடி 48 கொசு வருகிறது. நான்கில் ஒன்றுதான் கடிக்கிறது: 12. அதில் கிருமி முற்றும்வரை உயிரோடு இருப்பது மூன்றில் ஒன்று: 4. அதில் இன்னொருவரைக் கடிப்பது நான்கில் ஒன்று: 1. ஆக, ஒரு நோயாளியால் ஒரு புது நோயாளி. கொசு 48-ஐத் தாண்டினால் நோய் பெருகும். 24-ஆகக் குறைத்தால் இரண்டு நோயாளிக்கு ஒருவர்தான் புதிதாகப் படுப்பார். போகப்போக நோய் அணைந்துவிடும், மிச்சக் கொசு பறந்துகொண்டிருந்தாலும். அந்தக் கோட்டுக்கு மேலே கொசு மறுபடி ஏறினால், வெளியூரிலிருந்து ஒரே ஒரு காய்ச்சல்காரர் வந்தாலும் பழைய கதைதான். டெங்கு கொசு வேற ரகம், ஆனால் கணக்கின் அடிப்படை இதேதான்.

ராஸ் 1932 செப்டம்பர் 16-ல் லண்டனில் இறந்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பே, அவரோடு சியரா லியோனில் மலேரியா பணிக்குப் போன மெக்கென்ட்ரிக், கெர்மாக் என்பவரோடு சேர்ந்து இந்த வழியில் இன்னும் தூரம் போயிருந்தார். 1905-06 பம்பாய் பிளேக் சாவுகளை வைத்து அவர்கள் காட்டிய ஏறி இறங்கும் வளைவின் வம்சம்தான், கொரோனா நேரத்தில் நாம் தினமும் டிவியில் பார்த்தது.