மன்னாரில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார்

தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஐரோப்பியருள் முதல்வர் யார் என்று மாணாக்கரை வினவினால், பெரும்பாலோர் வீரமாமுனிவர் பெயரையே கூறுவர். வீரமாமுனிவர் பிறந்தது 1680ஆம் ஆண்டில். அதற்கு நூறாண்டுக்கு மேற்பட முன்னரே தமிழின் வேற்றுமைகளையும் வினைத் திரிபுகளையும் வகுத்து எழுதிய ஒருவர் இருந்தார். அவர் நம் மன்னார்த் தீவிலும் வாழ்ந்தவர் என்பதை ஈழத்தவராகிய நாமே மறந்திருக்கிறோம். ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் என்பது அவர் பெயர்; தமிழர் அவரை அண்டிரிக் அடிகளார் என்பர். அவர் அச்சேற்றிய நூல்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவர் தமிழைப் பேசக் கற்ற வகையும், அதற்கு அவர் தேடிக்கொண்ட துணைவரும் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தமையால், அதனையே இங்குச் சொல்ல விழைகின்றேன்.

போர்த்துக்கல் நாட்டு விலா விசோசா என்னும் ஊரில் 1520இல் அடிகளார் பிறந்தார். அவர் முன்னோர் யூதர். அக்குலத்திற் பிறந்த குற்றத்திற்காகவே, முதலில் அவர் சேர்ந்திருந்த பிரான்சிஸ்கு சபையினின்று விலகவேண்டியதாயிற்று. பின்னர்க் கொயிம்பிராவிற் சமயச் சட்டம் பயின்று, 1545இல் இயேசு சபையிற் சேர்ந்தார்; மறு ஆண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். சொந்த நாட்டிலேயே அயலாராக எண்ணப்பட்ட ஒருவர், அயல்நாட்டில் மக்களோடு மக்களாகக் கலந்து பேச அத்துணை வேட்கை கொண்டது வியப்பன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

1547இல் அவர் வந்து சேர்ந்த இடம் முத்துக்குளித்துறை. தூத்துக்குடி, புன்னைக்காயல், வேம்பாறு, வேதாளை முதலிய ஊர்களும், கடலுக்கு இக்கரையில் மன்னாரும், முத்துச் சிலாபத்தை நம்பி வாழ்ந்த பரதவரின் ஊர்கள். இடையில் நீர் கிடந்ததேயன்றி இரு கரையிலும் வழங்கிய மொழி ஒன்றே. அம்மொழியை அறியாத குருமார் துபாசிகளைக் கொண்டே மக்களோடு பேசினர். அதனால் நேர்ந்த இடர் சிறிதன்று. 1542இல் அக்கரைக்கு வந்த பிரான்சிஸ்கு சவேரியார், இருமொழியும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். அவற்றுள் விசுவாச அறிக்கையில், நான் நம்புகிறேன் என்று பொருள்பட நிற்கவேண்டிய இடத்தில், எனக்கு வேண்டும் என்ற சொற்றொடர் புகுந்துவிட்டது. கரையோரச் சிற்றூர்களில் மக்கள் அதனையே பலகாலம் ஓதினர். 1544இல் சவேரியாரே பிழையை உணர்ந்து, அச்சொல்லை மாற்றுமாறு தம் உடன் ஊழியருக்குக் கடிதம் எழுதினார். ஒரே ஒரு சொல். ஆயினும் ஒரு சமயத்தின் அடிப்படையே அதில் அடங்கியிருந்தது.

இதனினும் பெரிய இடர் பாவசங்கீர்த்தனத்தில் இருந்தது. ஒருவர் தம் குற்றங்களைக் குருவின் செவியில் மட்டும் சொல்லவேண்டிய இடம் அது. குருவுக்கு மொழி தெரியாதபோது இடையில் மூன்றாம் ஆள் ஒருவன் நிற்கவேண்டும். தன் ஊரவனாகிய துபாசி கேட்டிருக்க, எந்தப் பெண் தன் வீட்டுத் துயரை வாய்விட்டுச் சொல்வாள்? அண்டிரிக் அடிகளாரைத் தமிழின்பால் உந்தியது இத்தேவையே. சுவைக்காகவோ புலமைக்காகவோ அவர் தமிழைத் தொடங்கினாரல்லர். சுவை பின்னர் வந்தது.

தொடக்கத்தில் அவரும் துபாசியையே நம்பினார். தமிழின் ஒலிப்பு அவருக்குப் பெரிதும் இடர் தந்தது. லகர ளகர ழகரங்களில் இன்றும் நம் பள்ளிப் பிள்ளைகள் படும் பாட்டை அறிந்த ஆசிரியர்கள் அவர்மீது இரக்கங் கொள்வர். ஆயினும் சில திங்கள் இரவு பகலாக முயன்று, இலத்தீன் பயில்வார்போலப் பெயர்களை வேற்றுமைப்படுத்தியும் வினைகளைக் காலங் காட்டியும் தமக்கென ஒரு முறை வகுத்துக்கொண்டார். 1548ஆம் ஆண்டின் இறுதிக்குள் துபாசி இன்றியே மக்களோடு பேசலானார். கோயிலில் அவர் கையாண்ட ஓர் உத்தி நயமானது. தாம் தமிழிலேயே பேசுவார். உடன் நிற்கும் உள்ளூரார் ஒருவர் அதனை மக்கள் செவிக்கேற்பத் தெளிவுறத் திரும்பச் சொல்வார். அவருடைய தமிழும் திருத்தமான தமிழும் அடுத்தடுத்து ஒலிக்கும். அறையிலிருந்து ஏடு புரட்டுவோனுக்கு இப்பயிற்சி கிட்டாது. ஊர் முழுதும் கேட்டிருக்கத் தன் பிழையை வெளிப்படுத்தத் துணிந்தவனுக்கே கிட்டும்.

அவர் தேடிய உரையாடல் துணைவர் தம் சமயத்தார் மட்டுமல்லர். யோகி ஒருவரோடு நட்புக் கொண்டு, கடவுளைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் நெடிது உரையாடியதை அவர் கடிதங்கள் காட்டுகின்றன. தம்மை மறுத்துப் பேசக்கூடியவரோடு பேசும்போதுதான் சொல்லின் எல்லைகள் புலப்படும்.

அந்தோனி கிரிமினாலி அடிகள் 1549இல் வேதாளையிற் கொல்லப்பட்டபின், கரைப் பணியின் தலைமை அண்டிரிக் அடிகளாருக்கு வந்தது. தம் கீழ் இருந்த போர்த்துக்கேயக் குருமாருக்கு அவர் ஒரு விதி செய்தார்: தமக்குள் உரையாடும்போதும் தமிழிலேயே பேசுதல் வேண்டும், தவறினோர் தண்டம் ஏற்கவேண்டும். ஒரே தாய்மொழியினர் சிலர், கடற்காற்று வீசும் ஒரு குடிலில் அமர்ந்து, உப்பையும் மீனையும் பற்றிக்கூடத் தட்டுத் தடுமாறித் தமிழிற் பேசிய காட்சியை நினைக்குந்தோறும் எனக்கு நகை பிறக்கிறது. உடனே மதிப்பும் பிறக்கிறது. நம் நாட்டில் இரண்டாம் மொழி கற்பிக்கும் ஆசிரியர் எத்தனை பேர் வகுப்பறைக்கு வெளியில் இவ்விதியைக் காத்திருப்பர்?

இனி மன்னாருக்கு வருவோம். 1544இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆணையால் புதுக்கிறிஸ்தவர் பலர் அங்குக் கொல்லப்பட்டிருந்தனர். 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினான். எதிர்க்கரையில் வடுகப் படைகளின் தொல்லை மிகுந்தமையால், புன்னைக்காயலிலிருந்து பரதவர் பலர் இத்தீவில் வந்து குடியேறினர். அடிகளாரும் அவர்களோடு வந்தார். 1553இல் புன்னைக்காயல் சூறையாடப்பட்டபோது சிறைப்பட்டு வருந்தியவர் அவர். அம்மக்களின் துன்பத்தை மொழிபெயர்ப்பாளன் வாயிலாக அறிந்தவரல்லர். இன்று பாலத்தருகே நாம் காணும் கோட்டை, 1658இல் மன்னாரைப் பற்றிய ஒல்லாந்தர் பின்னர்த் திருத்திக் கட்டியது.

இக்காலத்தையொட்டி அவர் உள்ளத்தில் எழுந்த எண்ணமொன்றை அறிந்தபோது நான் வியந்தேன். மன்னாரிலோ புன்னைக்காயலிலோ தமிழுக்கென ஓர் உயர்கல்விக் கழகம் நிறுவவேண்டும் என்பதே அது. வருகின்ற குருவெல்லாம் தனித்தனியே துணை தேடி அலையாமல், கற்றாரோடு கூடியிருந்து பயில ஓரிடம் வேண்டும் என அவர் கருதினார். அத்திட்டம் நிறைவேறவில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் தஞ்சையில் எழ 1981 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அவர் எழுதிய இலக்கணம், ஜொவாவு த பாரோஸ் 1540இல் வெளியிட்ட போர்த்துக்கேய இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தொல்காப்பியமும் நன்னூலும் அதில் இல்லை. கரையோர மக்களின் வாய்மொழி இருக்கிறது. இதனைக் குறையென்பாரும் உளர். நான் அதனைச் செல்வமென்பேன். பதினாறாம் நூற்றாண்டுப் பரதவர் எவ்வாறு பேசினர் என்பதை அறிய இதனைப் போன்ற சான்று அரிது.

மொழிப் பரிமாற்றம் எதிர்த்திசையிலும் நிகழ்ந்தது. லிஸ்பன் நகரில் வாழ்ந்த தமிழர் மூவர், 1554இல் அங்கு அச்சான சிறு மறைநூலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புச் செய்தனர். தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் போர்த்துக்கேயப் பொருள் உடன் நிற்கும். அயல்நாட்டில் அம்மூவரும் தம் மொழியை ஈந்து மற்றொரு மொழியில் வாழ்ந்தனர்.

சீனத்தின் கதையும் நம் கரையைத் தொட்டுச் செல்கிறது. மைக்கேல் ருஜேரி என்னும் இத்தாலியக் குரு 1578இல் இந்தியா வந்து, தென்கரையில் தமிழ் கற்று, சில திங்களிலேயே பாவசங்கீர்த்தனம் கேட்கும் அளவு தேறினார். அத்திறங் கண்ட மேலோர் 1579இல் அவரை மக்காவுக்கு அனுப்பிச் சீனம் கற்கப் பணித்தனர். அங்கு இருமொழியும் அறிந்த ஆசிரியர் அவருக்குக் கிடைத்திலர். சீன ஓவியர் ஒருவரே முதல் ஆசிரியரானார். பொருளைப் படமாக வரைந்து, அதற்குரிய எழுத்தையும் ஒலியையும் கற்பித்தார். 1582இல் மத்தேயு ரிச்சி வந்து சேர்ந்தபின், இருவரும் போர்த்துக்கேய சீன அகராதி ஒன்று தொகுத்தனர்.

அண்டிரிக் அடிகளாருக்குத் துணைவர் மிகப் பலர். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கங் கொண்டது. தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் முதலாவது. அதன் முகப்பில் அடிகளார் பெயரோடு மனுவேல் த சான் பேத்ரு என்பவர் பெயரும் காணப்படுகிறது. 1579இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும், 1586இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறும் வெளிவந்தன. அச்சுச் செலவுக்குப் பரதவர் பொருள் உதவினர். தமக்குக் கற்பித்த மக்களின் பேச்சை, அவர்கள் பொருளுதவியாலேயே எழுத்தாக்கி அவர்கள் கையில் தந்தார் அவர்.

அவருடைய இலக்கணம் கையெழுத்துப் படியாகவே லிஸ்பன் நூலகத்தில் நெடுங்காலம் கிடந்து, 1982இல் பதிப்பிக்கப்பட்டது; 2013இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. அடிகளார் 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் உயிர் நீத்தார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டது. அண்டையூர்களில் வாழ்ந்த இந்துக்களும் இசுலாமியரும் அந்நாளில் துக்கங் காத்தனர் என்று இயேசு சபையாரின் குறிப்புகள் கூறுகின்றன.