வீட்டுச் சிறையில் எழுதப்பட்ட இயக்கவியல் நூல்: கலிலியோவின் வாழ்வும் சடத்துவம் பற்றிய பாடமும்

1638 ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்தின் லைடன் நகரில் எல்செவியர் என்னும் பதிப்பகத்தாரால் ஒரு நூல் அச்சிட்டு வெளியிடப்பட்டது. இரண்டு புதிய விஞ்ஞானங்கள் பற்றிய உரையாடல்களாக அமைந்த அந்நூலை எழுதியவர் அவ்வேளையில் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு அண்மையில், ஆர்செட்ரி என்ற குன்றுப் பகுதியிலிருந்த தமது சொந்த இல்லத்திலேயே கைதியாக இருந்தார். அவருக்கு வயது எழுபத்து நான்கு. இரு கண்களும் முற்றாகப் பார்வை இழந்திருந்தன. வாழ்நாளின் முப்பது ஆண்டு உழைப்பைத் தாங்கி வெளிவந்த அந்நூலின் ஒரு பக்கத்தையேனும் அவரால் காண முடியவில்லை. அவர்தான் கலிலியோ கலிலி.

விசை, சடத்துவம், உந்தம், ஆர்முடுகல் ஆகிய சொற்களை எமது மாணவர்கள் விஞ்ஞான பாடத்திலே நியூற்றனின் பெயரோடு இணைத்தே கற்கின்றனர். அது தவறன்று. ஆனால் அந்த விதிகளுக்கான அத்திவாரம் இடப்பட்ட விதத்தை அறியாமல் அவற்றை மனனம் செய்வது, கட்டடத்தின் கூரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ஒப்பானது. அத்திவாரம் இட்டவரின் வாழ்க்கை, ஓர் உண்மையைக் கண்டறிவதற்கும் அதனை வெளியிடுவதற்கும் ஒரு மனிதர் கொடுத்த விலையின் வரலாறு ஆகும்.

கலிலியோ 1564 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி பைசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ இசைக் கலைஞர். இசை பற்றிய பழைய நூல்கள் கூறியவற்றை அப்படியே ஏற்காமல், நரம்புகளை இழுத்துக் கட்டி ஒலியைச் சோதித்துப் பார்த்தவர். பழையோர் சொன்னதையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்த முதுசம் எனலாம். மகன் மருத்துவராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். 1581 இல் பைசாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்த கலிலியோ, கணிதத்தின்பால் ஈர்க்கப்பட்டு 1585 இல் பட்டம் எதுவும் பெறாமலேயே வெளியேறினார். எனினும் நான்கு ஆண்டுகளின் பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் சொற்ப ஊதியத்துடன் கணித ஆசிரியராக நியமனம் பெற்றார்.

அக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் அரிஸ்டோட்டிலின் கருத்துகளே கோலோச்சின. ஒரு பொருள் இயங்கிக்கொண்டிருக்க வேண்டுமாயின் ஏதோவொன்று அதனைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. மாடு நின்றால் வண்டியும் நிற்பதை அன்றாடம் காணும் எவருக்கும் இது சரியாகவே தோன்றும். அவ்வாறாயின் வில்லை விட்டு நீங்கிய அம்பு ஏன் தொடர்ந்து பறக்கின்றது? காற்றுத்தான் அதனைத் தள்ளிச் செல்கின்றது என்பது அரிஸ்டோட்டில் தந்த விளக்கம்.

இந்த விளக்கத்தை முதன்முதலில் ஐயுற்றவர் கலிலியோ அல்லர். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யோவான் பிலோபோனஸ் இதனை மறுத்தார். 1037 இல் மறைந்த பேரறிஞர் இப்னு சீனா, எறியப்பட்ட பொருள் எறிந்தவரிடமிருந்து ஒருவகை உந்துதலைப் பெறுகின்றது என்றும், எதிர்க்கும் ஊடகம் எதுவும் இல்லாத வெற்றிடத்தில் அந்த உந்துதல் தானாக அழிந்துவிடக் காரணமில்லை என்றும் வாதிட்டார். ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு பாஜாவின் இயக்கம் பற்றிய கருத்துகள், இப்னு ருஷ்தின் உரைகள் வாயிலாக இலத்தீன் மொழிக்குச் சென்றன. பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து ஜோன் புரிதானும் இதே வினாவை ஆராய்ந்தார். கலிலியோ தமது இளமையில் எழுதிய இயக்கம் பற்றிய குறிப்புகளும் இந்த நீண்ட விவாதத்தின் தொடர்ச்சியாகவே அமைந்தன. விஞ்ஞானம் எந்தவோர் இனத்தினதும் தனிச்சொத்து அல்ல என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

பைசாவின் சாய்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து இரு குண்டுகளைப் போட்டு அவர் ஊராரை வியக்க வைத்ததாக ஒரு கதை உண்டு. கலிலியோவின் இறுதிக்கால மாணவரான விவியானி எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து பரவிய இக்கதையை ஆய்வாளர் பலர் ஐயத்துடனேயே நோக்குகின்றனர். அவருடைய உண்மையான சாதனை கோபுரத்தின் உச்சியில் அல்ல, ஒரு மரப்பலகையின் மீதே நிகழ்ந்தது.

1592 இல் வெனிஸ் குடியரசுக்கு உட்பட்ட பாதுவாப் பல்கலைக்கழகத்திற்கு மாறிய அவர் பதினெட்டு ஆண்டுகள் அங்கே கற்பித்தார். விழும் பொருளை நேரடியாக அளவிடுவதற்குரிய மணிக்கூடுகள் அன்று இருக்கவில்லை. ஆகையால் விழுதலை மெதுவாக்கும் வழியை அவர் தேடினார். ஏறத்தாழ 7 மீற்றர் நீளமான பலகையொன்றில் ஒடுங்கிய தவாளிப்பை வெட்டி, அதனை வழுவழுப்பாக்கித் தோலினால் மூடி, பலகையைச் சற்றே சாய்த்து வைத்து வெண்கலக் குண்டொன்றை உருளவிட்டார். நேரத்தை அளக்க நீரைப் பயன்படுத்தினார். பாத்திரமொன்றின் அடியிலிருந்த மெல்லிய குழாயினூடாக வடிந்த நீரைச் சேகரித்து நிறுத்தார். நீரின் நிறையே நேரத்தின் அளவாயிற்று. ஒரே சோதனையை மீண்டும் மீண்டும் செய்து, நாடித்துடிப்பொன்றின் பத்திலொரு பங்குகூட வேறுபாடு காணப்படவில்லை எனப் பதிவு செய்தார்.

அதில் வெளிப்பட்ட ஒழுங்கு வியப்புக்குரியது. முதலாவது நேர அலகில் குண்டு ஒரு பங்கு தூரம் சென்றால், அடுத்தடுத்த சமமான நேர அலகுகளில் முறையே 3, 5, 7 பங்கு தூரம் சென்றது. அதாவது கடந்த மொத்தத் தூரம் 1, 4, 9, 16 என நேரத்தின் வர்க்கத்திற்கு நேர்விகித சமமாக அமைந்தது. சீரான ஆர்முடுகல் என இன்று நாம் கற்பது இதுவே.

இங்கு மாணவர்கள் அறிய வேண்டிய செய்தியொன்று உண்டு. 1604 இல் இந்த விதியை நண்பர் பாவ்லோ சார்பிக்குக் கடிதத்தில் அறிவித்தபோது, அதற்குக் கலிலியோ கூறிய காரணம் பிழையானதாக இருந்தது. விழும் பொருளின் வேகம் அது கடந்த தூரத்திற்கு ஏற்ப அதிகரிக்கின்றது என அவர் எண்ணியிருந்தார். வேகம் அதிகரிப்பது நேரத்திற்கு ஏற்பவே என்பதைப் பின்னர் கண்டறிந்தார். அந்தப் பிழையை அவர் மறைக்கவில்லை. 1638 ஆம் ஆண்டு நூலில் பாத்திரமொன்று அதே தவறான கருத்தைக் கூறும்போது, நூலாசிரியரும் சிறிது காலம் அவ்வாறே மயங்கியிருந்தார் என மற்றொரு பாத்திரத்தின் வாயிலாக ஒப்புக்கொண்டார். தமது தவறைத் தமது நூலிலேயே பதிந்து வைக்கும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சாய்தளத்திலிருந்தே சடத்துவம் பற்றிய கருத்தும் பிறந்தது. கீழ்நோக்கி உருளும் குண்டின் வேகம் கூடுகின்றது. மேல்நோக்கி உருளும் குண்டின் வேகம் குறைகின்றது. அவ்வாறாயின் ஏற்றமோ இறக்கமோ அற்ற, உராய்வும் தடையும் இல்லாத தளத்தில் என்ன நிகழும்? வேகம் கூடவும் காரணமில்லை, குறையவும் காரணமில்லை. குண்டு சென்றுகொண்டே இருக்கும். இயக்கத்தை நிலைநிறுத்த விசை தேவையில்லை, இயக்கத்தை மாற்றுவதற்கே விசை தேவை. ஈராயிரம் ஆண்டுகாலச் சிந்தனை இவ்விடத்தில் தலைகீழாகியது. வண்டி நிற்பது மாடு நின்றதனால் மாத்திரமல்ல, நிலத்தின் உராய்வு அதனை நிறுத்துவதனாலேயே என்பது புலனாயிற்று.

1609 இல் தாமே திருத்தியமைத்த தொலைநோக்கியை வானை நோக்கித் திருப்பிய கலிலியோ, மறு ஆண்டின் தொடக்கத்தில் வியாழனைச் சுற்றிவரும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். புகழ் பரவியது. புளோரன்ஸ் அரசவையின் கணித அறிஞராகப் பதவி கிடைத்தது. சூரியனைப் பூமியே சுற்றுகின்றது என்ற கொப்பர்னிக்கசின் கொள்கையை அவர் வெளிப்படையாக ஆதரிக்கலானார்.

அக்கொள்கைக்கு எதிராக வலுவான வினாவொன்று எழுப்பப்பட்டது. பூமி சுழலுமாயின் மேலே எறிந்த கல் ஏன் எறிந்தவரின் காலடியிலேயே விழுகின்றது? பறவைகள் ஏன் பின்தங்கிப் போவதில்லை? இதற்குரிய விடை வானத்தில் இல்லை, பாதுவாவின் மரப்பலகையிலேயே இருந்தது. அமைதியாகச் செல்லும் கப்பலொன்றின் மூடிய அறையில் வண்ணத்துப்பூச்சிகள் எல்லாத் திசைகளிலும் ஒரேவிதமாகப் பறக்கின்றன. கிண்ணத்து மீன்கள் வழமைபோல நீந்துகின்றன. சொட்டும் நீர் நேர்கீழேயே விழுகின்றது. கப்பலின் இயக்கத்தில் அவை யாவும் பங்குகொண்டிருப்பதே காரணம். பூமியிலுள்ள நாமும் அவ்வாறே. பூமத்திய ரேகைக்கு அண்மையில் வாழும் நாம் பூமியின் சுழற்சியினால் மணிக்கு 1600 கிலோமீற்றருக்கும் அதிகமான கதியில் பயணித்தும் அதனை உணராதிருப்பது சடத்துவத்தினாலேயே. ஆக, கலிலியோ மீதான வழக்கின் மையத்திலே இருந்தது எமது மாணவர்கள் கற்கும் இந்தப் பாடமே என்றால் அது மிகையாகாது.

கொப்பர்னிக்கசின் கொள்கையை உண்மையெனக் கொள்ளலாகாது என 1616 இல் உரோமாபுரியில் அவருக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் அடங்கியிருந்த அவர், 1632 இல் இரு உலக முறைமைகள் பற்றிய உரையாடல் நூலைத் திருச்சபை அதிகாரிகளின் அனுமதியுடனேயே வெளியிட்டார். ஆனால் முன்னர் அவரிடம் நட்புப் பாராட்டிய பாப்பரசர் எட்டாம் ஊர்பன் சினங்கொண்டார். பாப்பரசர் விரும்பிய வாதம் நூலிலே பேதைமை மிக்க பாத்திரத்தின் வாயில் வைக்கப்பட்டிருந்தமை அதற்கு ஒரு காரணம். 1633 ஜூன் 22 ஆம் திகதி, உரோமாபுரியில் விசாரணை மன்றத்தின் முன்னிலையில் அறுபத்தொன்பது வயது முதியவர் மண்டியிட்டு, பூமி இயங்குகின்றது என்ற கொள்கையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்தார். எழும்போது பூமி இயங்கத்தான் செய்கின்றது என அவர் முணுமுணுத்ததாகச் சொல்லப்படுவது பிற்காலத்தில் பரவிய கதை. பத்துக் கர்தினால்களில் மூவரின் கையொப்பம் அத்தீர்ப்பில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அவருடைய துன்பத்தில் பங்குகொண்டவர் மூத்த மகள் வேர்ஜினியா. முறையான திருமணத்தின்றிப் பிறந்த தம் இரு பெண்மக்களையும் கலிலியோ சிறுவயதிலேயே ஆர்செட்ரியிலுள்ள வறிய கன்னியர் மடமொன்றில் சேர்த்திருந்தார். அவர்களது வாழ்வை அவர்களைக் கேளாமலே தீர்மானித்தமை தந்தை என்ற வகையில் அவர்மீது எஞ்சும் குறையாகும். மரியா செலஸ்டே என்ற துறவுப் பெயர் பூண்ட மூத்தவரோ தந்தையின் மீது அளவிலா அன்பு கொண்டிருந்தார். தண்டனையின் ஒரு பகுதியாக வாராந்தம் ஓத விதிக்கப்பட்ட ஏழு சங்கீதங்களைத் தந்தைக்காகத் தாமே ஓதும் பொறுப்பை ஏற்றார். கலிலியோ வீடு திரும்பிய சில மாதங்களில், 1634 ஏப்ரல் மாதத்தில், முப்பத்து மூன்றாவது வயதில் அவர் காலமானார்.

மகள் போனார். பிரயாண உரிமை போயிற்று. எந்த நூலையும் அச்சிடும் உரிமை மறுக்கப்பட்டது. இந்நிலையிலேதான் சியன்னாவின் பேராயர் பிக்கொலோமினியின் இல்லத்தில் தங்கியிருந்தபோது தொடங்கிய இயக்கவியல் நூலை அவர் தொடர்ந்து எழுதினார். பாதுவாக் காலத்துக் குறிப்புகள் துணை நின்றன. கையெழுத்துப் பிரதி இத்தாலியின் எல்லையைக் கடந்து ஒல்லாந்தை அடைந்தது. தமக்குத் தெரியாமலேயே நூல் அச்சேறிவிட்டது போன்ற தோற்றத்தை நூலின் சமர்ப்பண உரையிலே உருவாக்கித் தம்மைக் காத்துக்கொண்டார்.

அவர் அனைத்தையும் முடித்துவிடவில்லை. தடையற்ற இயக்கம் பூமியைச் சூழ்ந்த வளைவான பாதையிலேயே தொடரும் என்ற எண்ணம் அவரிடம் எஞ்சியிருந்தது. அது நேர்கோட்டிலேயே தொடரும் என 1644 இல் தெளிவாகக் கூறியவர் பிரான்சிய அறிஞர் டெக்கார்ட். திணிவையும் வேகத்தையும் இணைத்து உந்தத்தை வரையறுத்து, உந்தத்தின் மாற்றத்தை விசையோடு தொடர்புபடுத்தி, தாக்கத்திற்கும் மறுதாக்கத்திற்கும் விதி வகுத்து 1687 இல் நிறைவு செய்தவர் நியூற்றன். முதலிரு விதிகளைப் பயன்படுத்திக் கலிலியோ விழும் பொருள்களின் இயல்பைக் கண்டறிந்தார் என நியூற்றனே தமது நூலில் ஏற்றுக்கொண்டார்.

கலிலியோ 1642 ஜனவரி 8 ஆம் திகதி ஆர்செட்ரியிலேயே மறைந்தார். சிறப்பான நினைவுச் சின்னத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டு, தேவாலயத்தின் ஒதுக்குப்புறமான சிற்றறையில் அடக்கம் செய்யப்பட்டார். 95 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1737 இல், உடல் உரிய கல்லறைக்கு மாற்றப்பட்டது. 1992 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கலிலியோவின் விடயத்தில் இழைக்கப்பட்ட தவறைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார். அதற்கு முன்னர், 1971 இல், காற்றில்லாத சந்திரனின் மேற்பரப்பில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட் ஒரு சுத்தியலையும் இறகையும் ஒருசேரக் கைவிட்டபோது இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

இறுதிவரை இறைநம்பிக்கையுள்ளவராகவே வாழ்ந்த கலிலியோ, சமயத்தோடு பகைமை கொண்டவர் அல்லர். அளந்து அறியக்கூடியதை அளந்தே அறிய வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. பரீட்சைக்காக விதிகளை மனனம் செய்யும் எமது பிள்ளைகளுக்கு ஒரு சாய்ந்த பலகையையும் ஓர் உருளும் குண்டையும் கொடுத்து, அது ஏன் நிற்கின்றது என ஒருமுறையாவது கேட்போமாயின், அந்த முதியவருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவாகவே இருக்கும்.