பெட்டியோடு அலைந்த டாக்டர்

எலக்ட்ரிக்கல் பிராஞ்ச் மாணவனான எனக்கு இண்டக்‌ஷன் காயில் என்றால் லேப், ரெக்கார்டு நோட்டு, அவ்வளவுதான். அதையே ஒரு பெட்டிக்குள் அடக்கி, பாரீஸ் ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாகச் சுமந்து அலைந்திருக்கிறார் ஒரு டாக்டர். பெயர் டூஷென்.

1806-ல் பிரான்சின் கடலோர ஊரான புலோனில் பிறந்தார். அப்பா கப்பல்காரர். மகனும் கடலுக்குப் போகணும் என்பது அவர் ஆசை. மகனோ 1831-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். இரண்டே வருஷத்தில் மனைவி பிரசவ ஜுரத்தில் இறந்துபோனார். மாமியார் பழியை இவர் தலையில் போட்டு, குழந்தையையும் பிரித்துவிட்டார்.

மனசு ஒடிந்தவர் 1842-ல் பாரீஸ் வந்தார். எந்த ஆஸ்பத்திரியிலும் உத்தியோகம் கிடையாது. நனைத்த எலக்ட்ரோடுகளைத் தோல்மேல் வைத்து, அடியிலுள்ள ஒரே ஒரு தசையை மட்டும் துடிக்கவைப்பார். எந்தத் தசைக்கு என்ன வேலை என்று இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்.

அப்போது கண்ணில் பட்டவர்கள்தான் சில சிறுவர்கள். கெண்டைக்கால் பயில்வானுக்கு இருப்பதுபோல் பருத்திருக்கும். ஆனால் தரையிலிருந்து எழுந்திருக்க முடியாது. இதென்ன விசித்திரம்? ஆபரேஷன் இல்லாமல் உயிருள்ள தசையில் ஒரு துணுக்கை எடுக்க அவரே ஒரு ஊசி செய்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தசை இருக்கவேண்டிய இடத்தில் நாரும் கொழுப்பும்! 1868-ல் 13 நோயாளிகளைப் பற்றி எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. 1852-லேயே லண்டன் டாக்டர் எட்வர்ட் மெரியன் இதை எழுதி, குடும்பத்து ஆண்பிள்ளைகளுக்கே வருகிறது என்றும் கவனித்திருந்தார். அவர் பெயர் விட்டுப்போனதில் எனக்கு வருத்தம்தான்.

காரணம் தெரிய 1980-களின் பிற்பகுதி ஆயிற்று. எக்ஸ் குரோமோசோமில் ஒரு ஜீன் பழுது; அதனால் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உண்டாவதில்லை. அது இல்லாத தசை, சுருங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிகிறது. எக்சர்சைஸ் பண்ணினா சரியாயிடும் என்று பையனைப் பாடாய்ப் படுத்தினால் சேதம்தான் கூடும். மூட்டுகள் இறுகாமல் மெதுவாக நீட்டி மடக்கிவிடுவது நல்லது. டாக்டர் மேற்பார்வையில் தரும் ஸ்டீராய்டு, நடக்கும் காலத்தைச் சில வருஷம் நீட்டிக்கிறது. அம்மா வழியாக வருகிறது என்று கேட்டதுமே பெற்றவளை ஏசுகிறார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பையனுக்கு அம்மாவிடம் அந்தப் பழுதே இருப்பதில்லை, புதிதாக ஏற்பட்டதுதான்.

பிரிந்துபோன மகன் வளர்ந்து, தானும் டாக்டராகி, பாரீசில் அப்பாவோடு வந்து சேர்ந்தான். அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. அவருக்கு முன்னாலேயே இறந்துவிட்டான். 1875-ல் டூஷென் காலமானார்.