அலி சகோதரர்களை ஆளாக்கிய வீடு

மௌலானா முகம்மது அலியின் பெயரை அறியாதார் நம்மில் இலர். அன்னாரை ஆளாக்கியவர்கள் ஒரு தாயாரும் ஒரு தமையனாரும் என்பதையே இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

1878-இல் ராம்பூரில் பிறந்த அவருக்கு இரண்டு வயது நிறையுமுன் தந்தையார் காலமானார். தாயார் ஆபாதி பானு பேகம் பள்ளிக்கூடம் சென்றறியாதவர். ஆயினும், ஆங்கிலப் படிப்புக்கு உறவினர் இணங்காதபோது, தம் நகைகளை அடகு வைத்துப் பிள்ளைகளைப் பரேலிக்கு அனுப்பினார். பின்னர் அவர்கள் அலிகாரில் பயின்றனர்.

1898-இல் தம்பி பட்டம் பெற்றதும், அபின் இலாகாவில் உத்தியோகம் பார்த்த அண்ணன் ஷௌகத் அலி பணம் திரட்டி அவரை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பி வைத்தார். தம்பி ஐ.சி.எஸ். பரீட்சையில் தவறினார், எனினும் சரித்திரப் பட்டத்துடன் திரும்பினார்.

காலம் மாறிற்று. அண்ணன் உத்தியோகத்தை விட்டுத் தம்பியின் பொதுப்பணியில் சேர்ந்தார். 1921-இல் கராச்சி வழக்கில் இருவருக்கும் சிறை. மக்கள் சிறையிலிருக்க, முதிய தாயார் கூட்டங்களில் பேசினார். அவர் 1924-இல் மறைந்தார். 1931-இல் லண்டனில் தம்பி மறைந்தபோது, ஜெருசலத்தில் நடந்த நல்லடக்கம் வரை உடன் சென்றவரும் அந்த அண்ணனே.

கிள்ளானிலும் தம்பி படிக்கத் தாம் கடையில் நின்ற அண்ணன்மார் உண்டு. நகையைக் கழற்றித் தந்த அக்காமாரும் உண்டு. பட்டம் பெற்ற தம்பிமாரை நாம் வேண்டுவது ஒன்றே: சுவரில் மாட்டிய பட்டத்தில் அவர்கள் பெயர் இராது, உங்கள் நெஞ்சிலாவது இருக்கட்டும்.